சுருதி எதுவானாலும் பரவாயில்லை

பரீட்சை அறைக்கு வெளியே போட்டிருந்த வாங்கு சின்னப் பிள்ளைகளுக்காகச் செய்தது. அதில் நான் உட்கார்ந்தபோது முழங்கால் இரண்டும் நாடியைத் தொடுமளவுக்கு மேலே வந்துவிட்டன. வேட்டியை எந்தப் பக்கம் ஒதுக்கினாலும் மரியாதையாக இல்லை. எனக்கு வலப்பக்கம் ஒரு பெண்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு விரல் விட்டுத் தாளம் எண்ணிக்கொண்டிருந்தது. இடப்பக்கம் என் மனைவி கமலா. மடியில் கைக்குட்டையை வைத்து மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தாள்.

வாவிப் பக்கமிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. அதோடு கொஞ்சம் சேற்று வாடையும், பக்கத்து அறையில் யாரோ வயலினைச் சுருதி சேர்க்கும் கீச்சொலியும் வந்தன. தொண்டைக்கு நல்லதென்று காலையில் மிளகும் கற்கண்டும் மென்று, அதன் மேல் சுடுதண்ணீர் குடித்திருந்தேன். அளவு தெரியாமல் குடித்துவிட்டேன். வாங்கில் இருந்த நேரத்தில் தொண்டை என் கவலைகளில் இரண்டாமிடத்துக்குப் போயிருந்தது.

எதிரே பிள்ளைகளின் தாய்மார் நின்றார்கள். அவர்களில் ஒருத்தி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஐயா, உங்கட பேரப்பிள்ளை உள்ள போயிற்றா?"

"இல்லம்மா, நான்தான் போகணும்" என்றேன்.

அவள் முகம் மாறியது. "மன்னிச்சிக்கங்க சேர், தெரியாமக் கேட்டுட்டன்" என்று சொல்லிவிட்டுப் பின்னால் நின்றவர்களிடம் ஏதோ முணுமுணுத்தாள். தாய்மார் எல்லோரும் நிமிர்ந்து நின்றார்கள். வாங்கில் இருந்த பிள்ளைகள் ஒவ்வொன்றாக எழும்பி, "வணக்கம் சேர்" என்றார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து பரீட்சகர் வருகிறார் என்று அவர்களுக்குச் சொல்லியிருந்தார்கள். நரைத்த தலை, வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு. அவர்தான் நான் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

"நானும் பரீட்சை எழுதத்தான் வந்திருக்கன்" என்றேன். "தரம் ஒண்டு."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். பிள்ளைகள் மெதுவாக உட்கார்ந்தார்கள். கமலா மட்டும் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டாள்.

யானை வராத முகாம்

இந்தத் தொடரைத் தொடர்ந்து படிக்கும் ஒரு நண்பர் போன கிழமை தொலைபேசியில் அழைத்து, "நீங்கள் எல்லாவற்றிலும் கெட்டிக்காரராக இருந்திருக்கிறீர்களே" என்றார். அந்த எண்ணத்தைத் திருத்துவது என் கடமை. ஆகவே இந்த வாரம் சங்கீதம்.

நான் நில அளவையாளனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வாகரைக் காட்டோரம் தொடங்கிக் கரடியனாற்று வட்டைகள் வரை, வயல் வயலாக அளந்து திரிந்தேன். வேலை முடிந்த பின்னேரங்களில் கூடாரத்துக்கு வெளியே கதிரை போட்டு உட்கார்ந்து பாடுவேன். பக்திப் பாட்டு, சினிமாப் பாட்டு, பாதி மறந்த பாட்டு. எதுவும் விலக்கில்லை.

என்னோடு வேலை செய்தவர்கள் அசையாமல் இருந்து கேட்பார்கள். "சேருக்கு நல்ல சாரீரம்" என்பார்கள். அவர்களுக்கு லீவு தருவதும் வேலைக்கு அனுப்புவதும் நான்தான் என்பதை அந்தப் பாராட்டோடு சேர்த்துப் பார்க்க எனக்கு ஒருபோதும் தோன்றவில்லை.

கரடியனாற்றுப் பக்கம் யானைத் தொல்லை அதிகம். எங்கள் முகாமுக்கு மட்டும் யானை வந்ததில்லை. முகாமில் சமைத்த சின்னவன் என்ற ஆள், "சேர் பாடுற வரைக்கும் எங்களுக்கு வெடி தேவல்ல" என்று ஒருநாள் சொன்னார். யானையையும் மயக்கும் குரல் என்று நான் விளங்கிக்கொண்டேன். ஓய்வு பெறுகிற அன்று நடந்த விருந்தில் இதைப் பெருமையாக மேடையில் சொன்னேன். எல்லோரும் அளவுக்கு மீறிச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பின் காரணம் விளங்க எனக்குச் சில வருடம் எடுத்தது.

ஓய்வுக்குப் பிறகு கேட்பதற்கு ஆள் குறைந்துவிட்டது. மகள் கொழும்பில் வேலை. வீட்டில் கமலா மட்டும். நான் விடியற்காலையில் கிணற்றடியில் தொடங்கினால், பத்திரிகை வாசிக்கும்போது, மரக்கறி நறுக்கும்போது, மோட்டார் சைக்கிளைத் துடைக்கும்போது என்று தொடர்ந்துகொண்டேயிருப்பேன். இவ்வளவு திறமைக்கும் முறையான சான்றிதழ் ஒன்று இல்லையே என்ற குறை மட்டும் இருந்தது.

ஆள் சேர்த்த கதை

எங்கள் வீடு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். வலையிறவுப் பாலத்தைக் கடந்து நகரத்துக்குப் போனால், வாவி ஓரமாக அந்த இசைப் பள்ளி இருக்கிறது. அங்கே பெரியவர்களுக்கும் சனிக்கிழமைகளில் வாய்ப்பாட்டு வகுப்பு தொடங்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, முதல் ஆளாகப் போய்ப் பெயர் கொடுத்தேன்.

வகுப்பு எடுப்பவர் துஷ்யந்தி டீச்சர். என் மகளின் வயதுதான் இருக்கும். மெலிந்த உருவம், மெல்லிய குரல், ஆனால் பிழையை மட்டும் விடமாட்டார்.

"ஐயா, இன்னும் ஒரு ஆள் குறையுது. ஆள் சேராட்டி வகுப்பை நடத்த விடமாட்டாங்க" என்றார் அவர்.

"ஆள்தானே டீச்சர், நான் கொண்டு வாறன்" என்றேன்.

வீட்டுக்கு வந்தபோது கமலா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"எனக்கு ஒண்ணா" என்று மறுத்தாள், மீனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நீ பாட வேணாம் புள்ள. வந்து இரிந்தாப் போதும். எல்லாரும் பாடக்குள்ள வாயை அசைச்சியெண்டாச் சரி."

"வாயை மட்டும் அசைக்கிறதெண்டா என்னத்துக்குப் பாட்டு வகுப்பு?"

"எனக்காக" என்றேன்.

அவள் செதிலைத் தட்டிவிட்டு, "சனிக்கிழமை சந்தைக்கும் போகலாம்தானே" என்றாள். அது சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். இப்படித்தான் என் மனைவியைச் சங்கீத உலகுக்கு நான் அறிமுகப்படுத்தினேன். மரக்கறி வாங்கப் போகிற வழியில், இடம் நிரப்புவதற்காக.

காற்றாடி நின்றது

முதல் நாள். பாயில் வட்டமாக உட்கார்ந்தோம். ஒரு மருந்துக்கடைக்காரர், பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் அக்கா தங்கை இருவர், இன்னும் சிலர், நாங்கள் இருவர். நடுவில் டீச்சர் சுருதிப் பெட்டியை வைத்தார். தம்புராவின் ஓசையை விடாமல் தந்துகொண்டிருக்கும் சின்னப் பெட்டி அது. அந்த ஓசையோடு குரலைச் சேர்ப்பதுதான் முதல் பாடம். ஒவ்வொருவராக 'ச' என்று நீட்ட வேண்டும்.

நான் முதலில் பாட முன்வந்தேன். கண்ணை மூடி, வலக்கையை மேலே தூக்கி, நீட்டினேன். மூச்சு முடியும் வரை நீட்டினேன்.

கண்ணைத் திறந்தபோது டீச்சர் சுருதிப் பெட்டியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அது பழுதோ என்று அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

"ஐயா, சுருதியைக் கேட்டீங்களா?"

"கேட்டன் டீச்சர். நல்லா இரிக்கி."

"கேட்டுட்டுப் பாடுங்க."

மறுபடி பாடினேன். மருந்துக்கடைக்காரர் தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சரி ஐயா, போகப் போக வரும்" என்றார் டீச்சர்.

கமலாவின் முறை வந்தது. "நான் சும்மா வந்தனான் டீச்சர்" என்றாள் அவள்.

"பரவாயில்ல அன்டி. ஒரு தரம் மட்டும்."

கமலா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் பெட்டியைக் கேட்டுக்கொண்டிருந்தாள் என்று இப்போது எனக்குத் தெரியும். பிறகு 'ச' என்றாள்.

அவள் எப்போது தொடங்கினாள் என்று தெரியவில்லை. பெட்டியின் சத்தம் திடீரென்று தடித்தது போல இருந்தது. டீச்சர் எழும்பிப் போய்க் காற்றாடியின் சுவிச்சை நிறுத்தினார். அறையில் ஒருவரும் அசையவில்லை. வேர்க்கத் தொடங்கியதையும் யாரும் பொருட்படுத்தவில்லை.

"அன்டி, எங்க படிச்சீங்க?"

"எங்கயும் படிக்கல்ல."

அவள் வாழைச்சேனையில் பிறந்து வளர்ந்தவள். தகப்பன் கடதாசி ஆலையில் வேலை செய்தவர். அந்த வீட்டில் ரேடியோகூட இருந்ததில்லை என்று எனக்குத் தெரியும். நான் டீச்சரிடம், "என்ட பாட்டைக் கேட்டுக் கேட்டு வந்திரிக்கும்" என்றேன். பகிடிக்குச் சொல்லவில்லை. அந்த நேரத்தில் உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

அன்று பாலத்தில் திரும்பி வரும்போது, மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்த கமலா, "கத்தரிக்காய் வாங்க மறந்துட்டம்" என்றாள்.

மறுபடியும் அந்த வாங்கு

பரீட்சைக்கு வருகிறேன். கமலாவின் பெயரை முதலில் கூப்பிட்டார்கள். கைக்குட்டையை என் கையில் தந்துவிட்டு உள்ளே போனாள். கதவு மூடியிருந்தது. அவள் பாடியது வாங்கில் இருந்த பிள்ளைகளுக்கும் கேட்டது. தாளம் எண்ணிக்கொண்டிருந்த பெண்பிள்ளை கண்ணைத் திறந்து கதவைப் பார்த்தது. நானோ கமலாவுக்கு உதவியாக இருக்கட்டும் என்று வெளியே இருந்து தொடையில் தாளம் போட்டேன். அந்தப் பெண்பிள்ளை என் கையைப் பார்த்துவிட்டு மரியாதையாக அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டது.

"சீனித்தம்பி யோகராசா."

உள்ளே மேசைக்குப் பின்னால் உண்மையான பரீட்சகர் இருந்தார். தலைமயிர் ஒன்றுகூட நரைக்கவில்லை. வேட்டிக்குப் பதில் களிசானும் சேட்டும். வெளியே நின்ற தாய்மார் அவரைத்தான் மாணவன் என்று நினைத்திருப்பார்கள்.

அவர் சுருதிப் பெட்டியில் கையை வைத்தபடி கேட்டார். "உங்கட சுருதி என்ன ஐயா?"

"எதெண்டாலும் பரவாயில்ல" என்றேன் தாராளமாக.

அவர் பெட்டியிலிருந்து கையை எடுத்தார். "எனக்குப் பரவாயில்லை எண்டு சொல்ல ஏலாதே" என்றார்.

சரளி வரிசையை இரண்டு காலத்தில் பாடச் சொன்னார். முதற்காலம் ஓரளவு போனது. வேகம் இரட்டிக்கும் இரண்டாங்காலத்தில் என் கை ஒரு பக்கமும் வாய் ஒரு பக்கமுமாகப் பிரிந்தன. கையைத் திருத்தப் போனால் வாய் நின்றது. வாயைப் பிடித்தால் கை நின்றது. பரீட்சகர் சுருதிப் பெட்டியை ஒருமுறை மேலே ஏற்றினார், ஒருமுறை கீழே இறக்கினார். காணாமற்போன ஆளைத் தெருத்தெருவாகத் தேடுவதுபோல அவர் என்னைத் தேடினார். கடைசியில் பெட்டியை நிறுத்திவிட்டார். பெட்டி இல்லாமல் நான் நன்றாகப் பாடினேன் என்றே சொல்ல வேண்டும்.

"கேள்விகள் கேட்கட்டா?" என்றார்.

கேட்டதெல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். தாளங்களின் வகை, அங்கங்கள், சுரங்களின் முழுப்பெயர், ஏழு சுரத்தில் எவை மாறாதவை என்பது எல்லாம் தண்ணீர்பட்ட பாடு. அவர் ஆச்சரியத்தோடு நிமிர்ந்தார். "இவ்வளவும் தெரியுது உங்களுக்கு" என்றார். அதற்குப் பிறகு சொல்ல வந்ததை அவர் சொல்லவில்லை. நல்ல மனிதர்.

பெறுபேறு வந்தபோது டீச்சர் அதை வகுப்பின் வட்ஸ்அப் குழுவில் போட்டார். வேறொரு நாள் நடந்த எழுத்துப் பரீட்சையில் எங்கள் வகுப்பில் நான்தான் முதலாவது. செய்முறையில் சித்தியில்லை, அதாவது பாட்டில் தேறவில்லை. கமலாவுக்கு இரண்டிலும் சித்தி, செய்முறையில் அதிவிசேடம். குழுவில் அவளுக்குக் கைதட்டுகளும் பூக்களும் வந்து குவிந்தன. எனக்கு மருந்துக்கடைக்காரர் ஒரு கும்பிடு அனுப்பினார். அது ஆறுதலா, இனிமேல் பாட வேண்டாம் என்ற வேண்டுகோளா என்று இன்னும் எனக்குத் தெரியாது.

சங்கீதம் தெரிந்தவன், பாடத்தான் தெரியாதவன் என்று எழுத்தில் வந்துவிட்டது. மகள் கொழும்பிலிருந்து எடுத்து, "அப்பா, உங்களுக்குக் கவலையா?" என்றாள். "சீ, என்ன கவலை" என்றேன். அன்று முழுக்க நான் பாடவில்லை. வீடு விசித்திரமாக இருந்தது. குசினியில் தண்ணீர் சொட்டும் சத்தம் முன்விறாந்தை வரை வந்தது.

"நீங்க வரக்கூடா"

ஆண்டு விழா நெருங்கியபோது, பெரியவர் வகுப்பிலிருந்து ஒருவர் தனியாகப் பாட வேண்டும் என்று டீச்சர் சொன்னார். யாரை என்று அவர் சொல்லத் தேவையிருக்கவில்லை. எல்லோரும் கமலாவைப் பார்த்தார்கள். கமலா, "ஒண்ணா டீச்சர்" என்றாள்.

அடுத்த சனிக்கிழமையும் கேட்டார். அதே பதில். மேடைக் கூச்சம் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்ததும் மேடையைப் பற்றி அவளுக்கு விளக்கம் கொடுத்தேன். கோயில் மேடைகளில் நான் பாடிய அனுபவங்களைச் சொன்னேன். சனத்தைப் பார்க்காமல் எதிர்ச்சுவரைப் பார், கால் இரண்டையும் ஊன்றி உட்கார், என்றெல்லாம். அவள் உளுந்து கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்குச் சனத்துக்குப் பயமில்ல" என்றாள் கடைசியில்.

"மறுகா, வேற என்ன?"

"நீங்க முன்னால இரிப்பீங்க."

"ஓம், இரிப்பன்தானே."

"நான் தொடங்கினா நீங்களும் தொடங்குவீங்க. வகுப்பில ஒவ்வொரு நாளும் அதுதான் நடக்குது. நான் சுருதியைப் பிடிச்சிக்கிட்டுப் போகக்குள்ள நீங்க பக்கத்தில முனகுறீங்க. எனக்குப் பெட்டி கேக்குறல்ல, நீங்கதான் கேக்குறீங்க. தாளமும் போடுறீங்க. அது வேற தாளம்."

"நீ இத முன்னமே சொல்லியிரிக்கலாமே."

அவள் உளுந்துச் சட்டியை இறக்கி வைத்தாள். கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. சொல்லி முடிக்க வேண்டிய ஒன்றைச் சொல்லி முடிப்பவள்போல இருந்தாள்.

"நீங்க என்னைப் பொம்பிளை பார்க்க வந்தீங்களே, அண்டைக்கு உங்கட மாமி கேட்டா, புள்ளைக்குப் பாடத் தெரியுமாண்டு. நான் பாட வெளிக்கிட்டன். தொண்டையையும் செருமிட்டன். நீங்க, புள்ள வெக்கப்படுது, நான் பாடுறன் எண்டு பாடினீங்க."

அந்தக் கதையை நான் எத்தனையோ கலியாண வீடுகளில் சொல்லியிருக்கிறேன். ஒரு கிராமத்துப் பெண்ணின் வெட்கத்தைக் காப்பாற்றிய மாப்பிள்ளை என்று. கமலா பக்கத்தில் இருந்து சிரித்துக்கொண்டேதான் கேட்டிருப்பாள். அவள் தொண்டையைச் செருமினாள் என்பது மட்டும் என் கதையில் ஒருபோதும் இருந்ததில்லை.

"மறுகா கலியாணம் முடிஞ்சு வந்தா, வீட்டில எந்த நேரமும் நீங்க பாடிக்கிட்டு இரிந்தீங்க. எனக்கு அது கஷ்டமெண்டு சொல்லல்ல. சந்தோசமாத்தான் இரிந்திச்சு. ஆனா எங்கயும் இடைவெளி இல்ல. நான் எங்க பாடுற?"

உளுந்துச் சட்டியை எடுத்து, மிச்சத்தை நானே கழுவத் தொடங்கினேன்.

"நீங்க வரக்கூடா" என்றாள் கமலா. "வாசல்ல இறக்கிவிட்டுட்டுப் போயிரணும். அப்பிடியெண்டா நான் பாடுவன்."

"சரி" என்றேன்.

"சத்தியமா?"

"சத்தியமா."

வேப்பமரத்தடியில்

விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். கமலா நாவல்நிறச் சேலை உடுத்தி, அதன் மேல் ஹெல்மெட் போட்டு, பின்னால் ஒரு பக்கமாக உட்கார்ந்து வந்தாள். வாசலில் இறங்கி ஹெல்மெட்டை என்னிடம் தந்தாள். நெற்றிப் பொட்டு கொஞ்சம் நகர்ந்திருந்தது. சரிசெய்துவிட்டேன். "போங்க" என்றாள்.

நான் போனேன். போனேன் என்றால், வாசலுக்கு வெளியே வாவி ஓரமாக நிற்கும் வேப்பமரம் வரை. வீட்டுக்குப் போக வேண்டும் என்று அவள் சொல்லவில்லை என்பது என் வாதம். மதில் மேல் ஒரு ஒலிபெருக்கிப் பெட்டியை வெளிப்பக்கம் பார்க்கக் கட்டியிருந்தார்கள். மரத்தடியில் நின்றால் எல்லாம் கேட்கும்.

அங்கே ஓட்டோ ஒன்று நின்றது. சாரதி ஏறாவூர்க்காரர், நசீர் என்று பெயர். யாரையோ விழாவுக்குக் கொண்டுவந்து விட்டுவிட்டுக் காத்திருந்தார். இரண்டு ஹெல்மெட்டையும் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற என்னைப் பார்த்துக் கொஞ்சம் இடம்விட்டார். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

சின்னப் பிள்ளைகளின் கோரஸ், வயலின், வீணை என்று போய், "அடுத்து, திருமதி கமலாதேவி யோகராசா" என்று ஒலிபெருக்கி சொன்னது. என் பெயரும் மேடையேறிவிட்டதே என்று ஒரு கணம் சந்தோசப்பட்டேன். பழைய குணம்.

ஹிந்தோளத்தில் ஒரு முருகன் பாட்டு. பாட்டுக்கு முன்னால் ராகத்தை மட்டும் கொஞ்சம் பாடினாள். வகுப்பில் அதை நான் எத்தனையோ முறை கேட்டவன். கேட்டவன் என்று நினைத்தவன். என் முனகல் இல்லாமல் அது இப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. மேலே போகும்போது அவசரப்படவில்லை. தன் வீட்டுக்குள் ஒரு அறையிலிருந்து மற்ற அறைக்குப் போகிறவள்போல நடந்தாள்.

"ஆரு பாடுற?" என்றார் நசீர்.

"என்ட மனுசி."

அவர் திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க உள்ளுக்குப் போகல்லையா?"

"உள்ளுக்கு இரிந்தா நானும் பாடுவன்."

அவர் அதை யோசித்துப் பார்த்தார். "அப்பிடியெண்டா இஞ்சயே இரிங்க" என்றார்.

பாட்டின் நடுவில், சரணம் தொடங்குகிற இடத்தில், ஒலிபெருக்கி 'டக்' என்று நின்றது.

"கரண்ட் போயிற்று" என்றார் நசீர்.

அவள் முதல் முறையாக மேடையில் இருக்கிறாள். மைக் செத்துவிட்டது. சுருதிப் பெட்டியும் கரண்டில்தான் ஓடுகிறது. சனம் சலசலக்கும். யாராவது, "இருங்கம்மா, ஜெனரேட்டர் போடுவம்" என்று இடையில் நிறுத்துவார்கள். நிறுத்தினால் கமலா எழும்பி வந்துவிடுவாள். அவளை எனக்குத் தெரியும். இன்னொரு தரம் யார் கேட்டாலும் பாடமாட்டாள்.

ஹெல்மெட் இரண்டையும் நசீரின் மடியில் போட்டுவிட்டு ஓடினேன். வாசலால் அல்ல, சத்தியம் ஒன்று இருக்கிறது. மண்டபத்தின் வாவிப் பக்கத்து ஜன்னலுக்கு ஓடினேன். செருப்பு ஒன்று சேற்றில் நின்றுவிட்டது.

ஜன்னலால் பார்த்தேன். காற்றாடிகள் மெதுவாகச் சுழன்று நின்றுகொண்டிருந்தன. கமலா கண்ணை மூடிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தாள். மைக் இல்லை, சுருதி இல்லை. வயலின்காரப் பெண் ஒரே சுரத்தை மெல்லியதாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். மண்டபம் நிறையச் சனம். கைக்குழந்தைகள்கூட இருந்தன. ஒரு இருமல் இல்லை. பின்வரிசையில் இருந்தவர்கள் தலையை முன்னுக்கு நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்பும்போது அவள் கண்ணைத் திறந்தாள். நேரே ஜன்னலைப் பார்த்தாள். வேர்த்து, ஒற்றைச் செருப்போடு, கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன்.

அந்தப் பல்லவி எனக்குப் பாடமான பல்லவி. என் வாய் தானாகத் திறந்தது. உண்மையைச் சொல்கிறேன், முதல் எழுத்து நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. உதட்டைப் பல்லால் கடித்தேன். வலக்கை தொடையைத் தட்டப் போனது. அதை இடக்கையால் பிடித்தேன். திருடன் ஒருவன் தன்னையே கைது செய்ததுபோல அப்படியே நின்றேன்.

கமலா என்னைப் பார்த்துக்கொண்டே பல்லவியைப் பாடினாள். ஒரு தரம், இன்னொரு தரம். பிசகவில்லை. முடிக்கும்போது குரலை இறக்கி, அந்த 'ச'வில் கொண்டுவந்து வைத்தாள். அதற்குப் பிறகுதான் சனம் மூச்சு விட்டது. துஷ்யந்தி டீச்சர் மேடை ஓரத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்திருந்த ஒரு அம்மா கைதட்டிவிட்டுத் திரும்பி என்னைக் கேட்டார். "பாடினவ ஆரு, உங்களுக்குத் தெரியுமா?"

"இப்பதான் தெரியும்" என்றேன்.

பாலத்தில்

நசீர் என் ஹெல்மெட்டுகளைப் பத்திரமாக வைத்திருந்தார். செருப்பைத் தேடி எடுத்துத் தந்ததும் அவர்தான். கமலாவைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள். அவள் எல்லோருக்கும் தலையாட்டிவிட்டு நேரே மோட்டார் சைக்கிளுக்கு வந்தாள்.

"ஜன்னல்ல நிண்டீங்க."

"ஓம். கரண்ட் போனதால வந்தன்."

"பாடினீங்களா?"

"இல்ல."

அவள் என் உதட்டைப் பார்த்தாள். கடித்த இடம் வீங்கியிருந்தது. ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு பின்னால் ஏறினாள்.

பாலத்துக்கு வந்தபோது வெயில் சாய்ந்து வாவி முழுவதும் செம்பு நிறமாக இருந்தது. தோணி ஒன்று வலை விட்டுக்கொண்டிருந்தது. பாலத்தில் ஏறிக் கொஞ்ச தூரம் போயிருப்போம். என் தோளுக்குப் பின்னால், ஹெல்மெட்டுக்குள்ளிருந்து, அவள் பாடத் தொடங்கினாள். யாருக்காகவும் அல்ல. அன்று பாடிய பாட்டு அல்ல. வேறு ஏதோ, எனக்குத் தெரியாத ஒன்று.

நான் வேகத்தைக் குறைத்தேன்.

"ஏன் மெதுவாப் போறீங்க?" என்று இடையில் கேட்டாள்.

"பெற்றோல் குறைவு" என்றேன்.

அவள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். பாலம் குறுகல், பின்னால் வந்த பஸ்ஸுக்கு வழியில்லை. ஹோர்ன் அடித்தான், நீட்டி அடித்தான். நான் பாலத்தின் ஓரமாகவே ஊர்ந்துகொண்டிருந்தேன். அந்த ஹோர்ன் அவளுடைய 'ச'வுக்குக் கொஞ்சம் கீழே இருந்தது. அந்த வித்தியாசம் எனக்கும் கேட்டது.